ஒன்பது வளைவும் ஒரு வயிறும்

பாலிசியம்மாவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. ஆலங்காயம் தாண்டி வண்டி ஏற ஆரம்பித்ததும் முகம் வெளுத்துவிடும். ஒரு கை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்தைத் தேடும், இன்னொரு கை ஜன்னல் கண்ணாடியை இறக்கும். அதற்குப் பிறகு நடப்பதை, சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்களை உத்தேசித்துச் சொல்லாமல் விடுகிறேன். இப்படி ஒரு வயிற்றை வைத்துக்கொண்டு ஒருவர் செய்யவே கூடாத வேலை ஒன்று உண்டென்றால், அது எங்கள் ஜவ்வாது மலைப் பையன்கள் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது. அவர் அதைத்தான் வாரத்துக்கு இரண்டு முறை, யாரும் கட்டாயப்படுத்தாமல், தானாகச் செய்தார்.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு செல்போன் கடையின் மாடியில் அவருடைய இன்சூரன்ஸ் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதைத் தட்டுவதற்கு நான். காவலூருக்கு மேலே ஒரு சின்ன ஊரிலிருந்து இறங்கி வந்து, பி.காம். முடித்து, பெண்கள் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது, வாசல் போர்டில் பெரிதாகவே எழுதியிருந்தது. மலையில் ஒருவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை, பாலிசியம்மா என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

வண்டி இன்சூரன்ஸுக்கு வயதானவர்கள் வந்தால் ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கொட்டேஷன் கொடுத்து அனுப்பிவிடுவார். வருகிறவன் மீசை முளைத்து நாலு வருடம்கூட ஆகாதவனாக இருந்தால் கதை வேறு. அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பார்.

"வண்டி கீழ நிக்குதா?"

"நிக்குது மேடம்."

"நாளைக்குக் காலைல எடுத்துக்கினு வா. காவலூர் வரைக்கும் போய்ட்டு வரலாம்."

மறுநாள் காலையில் அவர் எதுவும் சாப்பிட மாட்டார். கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு பால் இல்லாத டீ. அதைக் கீழே கடையிலிருந்து வாங்கி வருவது என் வேலை. குடித்துவிட்டு, காரில் ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். சீட் பெல்ட்டை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்வார். காவலூர் ஏற்றத்தில் எத்தனை வளைவு என்பது எண்ணுகிற ஆளைப் பொறுத்து மாறும். அவர் கணக்கில் ஒன்பது. எந்த வளைவில் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் பையனுக்குக் கொட்டேஷன்.

மத்தியானம் திரும்பி வந்து, முகம் கழுவிக்கொண்டு, மூன்று பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே எனக்குச் சொல்வார்.

"எழுதிக்க. நாலாவது வளைவு. வளைவுக்குள்ள பிரேக்கு அடிக்கிறான். எது ஒடஞ்சாலும் முழுசா குடுக்குற பம்பர் டு பம்பர் போடு, இன்ஜின் கவர் போடு, வழியில நின்னா தூக்கியார்றதையும் போடு."

ஒன்பதையும் தாண்டினவனுக்கு அந்த அலங்காரங்கள் எதுவும் கிடையாது. சாதாரண பாலிசி, சின்ன அடி பட்டால் அவனே பார்த்துக்கொள்வான் என்ற ஏற்பாட்டோடு, இருக்கிறதிலேயே மலிவான கம்பெனியில். ஒன்பதைத் தாண்டினவர்கள் என் காலத்தில் மூன்று பேர். அதில் ஒருவர், காவலூர் வானாய்வுக்கூடத்தில் விடிய விடிய நட்சத்திரம் பார்த்த ஆராய்ச்சிக்காரர்களைக் காலையில் தூங்க வைத்தபடியே மலையிறக்கிப் பழகிய டிரைவரின் மகன்.

மெதுவாக ஓட்டினால் போதும் என்று சில பையன்கள் நினைத்துக்கொண்டு வருவார்கள். மாட்டு வண்டி போல உருட்டிக்கொண்டு போவார்கள். ஐந்தாவது வளைவில் முன்னால் ஒரு பைக் போனால் போதும், எல்லாம் மறந்துபோய் அதை முந்துவார்கள். வயிறு உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

சண்டைக்கு வருகிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை. ஒருமுறை பெரியப்பன் மகனும் சித்தப்பன் மகனுமாக இரண்டு பேர் ஆளுக்கொரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்கள். ஒரே கம்பெனி கார், ஒரே வருஷம், ஒரே கலர், இரண்டு பேருக்கும் இருபத்தொன்று. ஒருவனுக்குப் போட்ட தொகை இன்னொருவனுக்குப் போட்டதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"இது இன்னா மேடம் நியாயம்? காரு ஒண்ணு, வயசு ஒண்ணு, ரேட்டு மட்டும் வேறயா?"

"உக்காரு," என்றார் பாலிசியம்மா. "நீ அடுத்தவன இடிச்சா அவனுக்குக் குடுக்குற தேர்ட் பார்ட்டி கீதே, அது கவர்மெண்டு போடுற ரேட்டு. உனக்கும் அதான், கலெக்டருக்கும் அதான். மிச்சம் உன் காருக்கானது. அத கம்பெனிக்காரன் போடுறான். ஒருத்தன் உன் காரு வெலய கொறச்சிக் காட்டி ரேட்டக் கொறைப்பான், நாளைக்கு காரு போச்சின்னா அந்தக் கொறஞ்ச வெலதான் வரும். ஒருத்தன் வயசு கேப்பான், லைசென்சு எப்ப எடுத்தன்னு கேப்பான், ஒருத்தன் கேக்கமாட்டான். பத்து வருஷம் இடிக்காம ஓட்டுனவனுக்குத் தள்ளுபடி கீது. நீ ஓட்டியே பத்து மாசம் ஆவல. உன்னப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியாத ஆளுக்கு ரேட்டு எப்பிடி ஒண்ணா இருக்கும்?"

"உங்களுக்கு மட்டும் தெரியுமா மேடம்?"

"எனக்கும் தெரியாது. என் வவுத்துக்குத் தெரியும். நீ ரெண்டாவது வளைவு."

இரண்டாவது வளைவுக்காரன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். வேடிக்கை மறுநாள்தான். இன்னொருவனின் அப்பா, தூய வெள்ளை வேட்டியில் மலையிலிருந்து இறங்கி வந்தார். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. தன் அண்ணன் மகனுக்கு அவ்வளவு பெரிய தொகை போட்டுவிட்டுத் தன் மகனுக்கு மட்டும் இவ்வளவு சின்னத் தொகை போட்டது ஏன், தன் மகன் எந்த விதத்தில் மட்டம் என்று கேட்டார். எங்கள் மலையில் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்கும். தொகை பெரிதாக இருந்தால் பெண்ணுக்கு மதிப்பு என்று அர்த்தம். மனிதர் அதே கண்ணோடு கொட்டேஷனைப் படித்திருக்கிறார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் படித்திருக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ரேட் அதிகமான பையன்கள் அதுவரை அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து திரிந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவரும் என் ஊர்ப்பக்கம்தான் என்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டேன்.

பாலிசியம்மா சிரிக்கவில்லை. அவரை உட்கார வைத்து, டீ சொல்லி, பொறுமையாக விளக்கினார். இது எவ்வளவு கம்மியோ பையன் அவ்வளவு நிதானம் என்றார்.

"அப்ப எம் புள்ள தங்கமா?"

"உம் புள்ள ஏழாவது வளைவு. தங்கத்துக்குப் பக்கத்துல."

விஷயம் மலை முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு ஆபீஸுக்கு வேறு ஒரு கூட்டம் வரத் தொடங்கியது. அவர்களுக்கு வண்டியே கிடையாது. பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளைப் பையன் பெயரைச் சொல்லி, "எத்தினியாவது வளைவுங்க?" என்று கேட்பார்கள். பாலிசியம்மா முதலில் எரிந்து விழுந்தார். போகப் போக, பெண்ணைக் கொடுக்கிறவன் கேட்பதில் என்ன தப்பு என்று அவருக்கே தோன்றிவிட்டது. கேட்டால் எண்ணைச் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மூன்றுக்குக் கீழே இருந்தால் வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். இப்படி அந்த வயிறு எத்தனை கல்யாணத்தை நிறுத்தியதோ எனக்குத் தெரியாது. ஒரு கல்யாணம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது என்னுடையது.

காவலூரில் பால் சொசைட்டியில் வேலை பார்த்த ஒரு பையன் வீட்டிலிருந்து என்னைக் கேட்டு வந்தார்கள். தூரத்து உறவு. செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சிரித்தால் நன்றாக இருந்தான், அந்தக் காரில் முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்குள் திரும்பியபோது இன்னும் நன்றாக இருந்தான். இருபத்திரண்டு வயதில் இதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. என் அப்பாவுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அப்பா சாமை விதைப்பதற்கே நாலு பேரைக் கேட்கிற மனிதர்.

"பாலிசியம்மா இன்னா சொல்லுதுன்னு பாத்துட்டு மேல பேசலாம்," என்று சொல்லிவிட்டார்.

அவன் கார் இன்சூரன்ஸும் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. ஆகவே அவன் ஆபீஸுக்கு வந்தான், நாளைக்குக் காலையில் வா என்று அவர் சொன்னார். அன்று ராத்திரி ஹாஸ்டலில் எனக்குத் தூக்கம் இல்லை. ஊருக்குள் அவன் திரும்பிய வேகத்தை நான்தான் பார்த்திருந்தேனே. இரண்டாவது வளைவைத் தாண்ட மாட்டான் என்று எனக்கே தெரியும். பரிசம் வரைக்கும் போகவேண்டிய பேச்சு, ஒரு அம்மாளின் வாந்தியில் முடியப்போகிறது என்று நினைக்கையில் ஆத்திரமாக வந்தது.

காலையில் மருந்துக் கடையில் வாந்தி மாத்திரை வாங்கினேன். பொடி செய்தேன். பால் இல்லாத டீயில் கலந்து, சர்க்கரையை அள்ளிப் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். பிறகு மீதியையும் குடித்தார். நான் கம்ப்யூட்டரில் எதையோ தீவிரமாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. ஒன்பது வளைவும் தாண்டியாயிற்று. எலுமிச்சம்பழம் முடிச்சிலேயே இருந்தது. அது மட்டுமில்லை, ஐந்தாவது வளைவுக்குப் பிறகு அவர் தூங்கியே போயிருக்கிறார்.

"எம் பொறப்புல மலையேறும்போது நான் தூங்குனது இல்ல," என்றார். "இந்தப் பையன விட்ராத. மலிவான கம்பெனியில போடு, ஒண்ணும் சேக்காத." அன்றைக்கே என் அப்பாவுக்கு அவரே போன் செய்து சொன்னார். கேட்டால் எண்ணைத் தவிர எதுவும் சொல்லாதவர், எனக்காகக் கூடுதலாக, நல்ல பையன் என்றும் சொன்னார். பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். எனக்கு உறுத்தியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உறுத்தவில்லை. நான் எடுக்கப்போகிற புடவையின் கலரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து அவன் பாலிசிக்குக் கையெழுத்துப் போட வந்தான். காவலூரில் ஒருவருடைய வண்டியைப் பார்த்துப் போட்டோ எடுக்கிற வேலை பாலிசியம்மாவுக்கு இருந்தது. "நம்ம பையன் வண்டிதானே, கையெழுத்த வந்து போட்டுக்கலாம்" என்று அவனோடு கிளம்பிவிட்டார். அன்று காலை இட்லிகூடச் சாப்பிட்டிருந்தார். எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளவில்லை. நான் தடுத்திருக்கலாம். என்ன சொல்லித் தடுப்பது?

மூன்று மணிக்கு ஒரு பால் வண்டியில் வந்து இறங்கினார். புடவை மாறியிருந்தது, யாரோ கொடுத்த பழைய வாயில் சேலை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு டீ கசந்துச்சி," என்றார்.

நின்ற இடத்திலேயே அழுதேன். அவர் அழாதே என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

"அவன் வண்டியில நீ எப்பவாச்சும் ஏறிக்கீறியா?"

"இல்லம்மா."

"ரெண்டாவது வளைவுல வந்துச்சி. அது வரட்டும். வேகம்னா வயசு, நாலு வருஷத்துல எறங்கிடும், அதுவரைக்கும் பம்பர் டு பம்பர் போட்டுக்கலாம். நிறுத்துப்பான்னு சொன்னேன். முன்னால லாரி போவுதுமா, முந்திட்டு நிறுத்துறேன்னான். மறுக்கா சொன்னேன். சிரிக்கிறான். அஞ்சாவது வளைவுலதான் நிறுத்துனான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்துன்னு கேட்டா நிறுத்தாதவனுக்கு எந்தக் கம்பெனியிலயும் பாலிசி இல்ல. நான் பாத்துட்டேன்."

நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம், நான் அவனைத் திருத்திக்கொள்கிறேன் என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கே அது எவ்வளவு அபத்தமாகக் கேட்டது என்பது இன்னும் காதில் இருக்கிறது. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

"போன் பண்ணிச் சொல்லுங்கம்மா, நீங்க எதுக்கு பஸ்ல?"

"போன்ல சொன்னதுதான் தப்பாப்போச்சி. நேர்ல போய்தான் திருப்பணும்."

அவர் அதுவரை மலை பஸ்ஸில் ஏறியதே இல்லை. ஜன்னலோர சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்பது வளைவில் ஏழு வளைவுக்கு வாந்தி எடுத்தார். கண்டக்டர் இரண்டு முறை முகம் சுளித்தார். மீதி இரண்டு வளைவுக்கு எடுக்க உள்ளே எதுவும் இல்லை. முதுகைத் தடவிக்கொடுக்கக் கையை நீட்டினேன். வேண்டாம் என்பது போல முதுகை நகர்த்திக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அப்பா வெளியே பாய் விரித்துப் புளியைக் கொட்டையெடுத்துக்கொண்டிருந்தார். பாலிசியம்மாவை அந்தக் கோலத்தில் பார்த்துப் பதறிப்போனார். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அந்தப் பையன் ரெண்டாவது வளைவு. நிறுத்துன்னா நிறுத்துறது இல்ல. பொண்ணக் குடுக்குறது உன் இஷ்டம், நான் சொல்லவேண்டியத சொல்லிட்டேன்."

அப்பாவுக்குப் புரியவில்லை. "ஒம்போதும் தாண்டினான்னு சொன்னீங்களேம்மா. தூங்கிட்டேன்னு சொன்னீங்களே."

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். இதோ சொல்லப்போகிறார், மாத்திரையைச் சொல்லப்போகிறார், அப்பா கையில் வைத்திருக்கும் புளியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்க்கப்போகிறார் என்று காத்திருந்தேன். பாலிசியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அன்னிக்கு என் வவுறு தப்பா சொல்லிச்சி," என்றார். "வயசாவுது இல்ல."

ஒரு ஃபாரத்தில் காரின் கலரை மாற்றி எழுதச் சொன்னால்கூட மாட்டேன் என்று பேனாவை மூடி வைக்கிறவர் அவர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தம் நின்றது. பையன் வீட்டாருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒரு நாள் நல்லவன், இன்னொரு நாள் கெட்டவன், அந்த அம்மாளின் வயிறு வாரத்துக்கு ஒன்று சொல்கிறது என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். அவரே தப்பு என்று ஒப்புக்கொண்ட பிறகு யார் மறுப்பது? இரண்டாவது வளைவுக்காரர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்துகொண்டார்கள். வண்டி கீழே நிற்கிறதா என்று அவர் கேட்டால், "எதுக்கு மேடம், இன்னிக்கு வவுறு சரியா கீதா?" என்று கேட்டுவிட்டு, செல்போனிலேயே ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒன்றரை வருஷத்தில் ஆபீஸை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை, நானும் ஒழுங்காக விசாரிக்கவில்லை.

அதற்குள் நான் வேலூரில் வேறு வேலைக்குப் போயிருந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. கடைசிவரை சம்பளம், பேச்சு எல்லாம் பழையபடிதான் இருந்தது. டீயை மட்டும் அவரே மாடியிறங்கிப் போய், கடையில் நின்று குடித்துவிட்டு வந்தார்.

அந்தப் பையனுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். தொப்பை போட்டிருக்கிறது, பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுப்பதற்கே இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கை காட்டச் சொல்கிறான். அவர் சொன்ன கணக்குப்படி வேகம் இறங்கிவிட்டது. மற்றது இறங்கியதா என்று அவன் மனைவியைத்தான் கேட்க வேண்டும், கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. என் தம்பி கார் வாங்கியிருக்கிறான். அவன் செல்போனில் ஏதோ ஆப் இருக்கிறதாம். எங்கே பிரேக் அடிக்கிறான், எப்படித் திருப்புகிறான் என்று அதுவே பார்த்துக் கொட்டேஷன் போடுமாம். பெரிய விஞ்ஞானம் என்று எனக்கு விளக்கினான். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

அப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. மலையில் பழைய ஆட்கள் இன்னும், "அந்தம்மா வவுறு மாதிரி" என்று நம்ப முடியாத ஆட்களைக் கேலி பேசுகிறார்கள். நான் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே பேசுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் எரிகிறது, ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றிவிடுகிறேன். இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அந்த வயிறு ஒருநாளும் தப்பு சொன்னதில்லை. மாத்திரை போட்டது நான்.